சீரியலில் ஒன்றும் வரவில்லையா? பைட் எந்த இடத்தில் தொலைகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் விளக்கு எரிகிறது, புரோகிராமும் ஏறிவிட்டது, கணினியில், போர்டு அனுப்புவதைக் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்தால் வெறும் கருப்புத் திரை. அல்லது அதைவிட எரிச்சலாக, பெட்டி பெட்டியாக, கேள்விக்குறியாக ஏதோ கொட்டுகிறது. இந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது என்னவென்றால், கேபிளை மாற்றி, பாட் ரேட்டை (பைட் போகும் வேகத்தை) மாற்றி, டிரைவரை அழித்து மறுபடி போட்டு, புரோகிராமில் நாலு வரியைத் திருத்தி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுவது. அப்புறம் தற்செயலாக வேலை செய்தால் எது சரியாக்கியது என்று தெரியாது. செய்யாவிட்டால் இப்போது ஒன்றுக்குப் பதில் இரண்டு பிழை இருக்கலாம்.

இதற்கு ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்: பைட் எதுவரைக்கும் வந்து சேர்கிறது? கணினியில் நீங்கள் அனுப்பும் ஒரு பைட் முதலில் டிரைவருக்குப் போகிறது, அங்கிருந்து யூஎஸ்பி கேபிள், அப்புறம் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிப், அதன் டீஎக்ஸ் (அனுப்பும்) வயர், மைக்ரோகன்ட்ரோலரின் ஆர்எக்ஸ் (வாங்கும்) பின், உள்ளே சீரியல் பேச்சைக் கவனிக்கும் யூஆர்ட், வந்த பைட்டைத் தற்காலிகமாக வைக்கும் அதன் பஃபர், கடைசியில்தான் உங்கள் நிரல். திரும்பி வரும் பைட்டுக்கும் இதே பாதை, தலைகீழாக. இந்தப் பாதையை நடுவில் வெட்டி, எந்தப் பாதி சரியாக இருக்கிறது என்று நிரூபித்துவிட்டு, மீதியை மறுபடி பாதியாக வெட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். கீழே இருப்பது எல்லாம் இந்த வெட்டை எங்கே, எப்படிப் போடுவது என்பதுதான்.

முதல் படி: கணினிக்குப் போர்ட் தெரிகிறதா?

போர்டைச் செருகாமல் போர்ட் பட்டியலைப் பாருங்கள், அப்புறம் செருகிவிட்டுப் பாருங்கள். புதிதாக என்ன வந்தது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் பட்டியலில் ஏற்கனவே இருக்கும் காம்1 உங்கள் போர்டாக இருக்க வாய்ப்பில்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்ற பிரிவு. லினக்ஸில் கர்னல் செய்திகளைத் திறந்து வைத்துக்கொண்டு செருகினால் டிடிஒய்யூஎஸ்பி0 அல்லது டிடிஒய்ஏசிஎம்0 என்று ஒரு பெயர் வரும். மேக்கில் டெவ் அடைவுக்குள் சியூ என்று தொடங்கும் பெயரைத் தேடுங்கள். அதே போர்ட் அங்கே டிடிஒய் என்று தொடங்கும் பெயரிலும் இருக்கும், ஆனால் அதைத் திறந்தால் கேரியர் சிக்னலுக்காகக் காத்துக்கொண்டு நிரல் அப்படியே நின்றுவிடக்கூடும், அதனால் சியூதான் எடுக்க வேண்டும்.

செருகியபோது எந்த அசைவும் இல்லை, ஒலிகூட வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டும் செய்த யூஎஸ்பி கேபிள்களில் டேட்டா வயர் இரண்டும் இருக்காது. போர்டின் பவர் விளக்கு எரிவதால் கேபிள் நல்ல கேபிள் என்று நம்பிவிடுகிறோம், அந்த விளக்கு மின்சாரம் வருகிறது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. இதே கேபிளில் ஒரு போனை மாட்டி ஃபைல் நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கேபிள் சரி.

ஏதோ வந்தது, ஆனால் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு 'அன்னோன் டிவைஸ்' என்று வந்தது என்றால் பெரும்பாலும் டிரைவர். எந்த டிரைவர் என்பதை ஊகிக்க வேண்டாம், சிப்பின் அடையாள எண்ணைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடி இருக்கும். தயாரிப்பாளர் எண் 0403 என்றால் எஃப்டிடிஐ சிப், 10சி4 என்றால் சிலிக்கன் லேப்ஸின் சிபி210எக்ஸ் வகை, 1ஏ86 என்றால் சிஎச்340 வகை, 067பி என்றால் ப்ரோலிஃபிக். அந்தச் சிப்பைச் செய்தவர்களின் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள்.

லினக்ஸில் இந்த டிரைவர்கள் கர்னலிலேயே இருக்கின்றன, ஆனால் வேறொரு தொல்லை உண்டு. உபுண்டு 22.04-ல் சிஎச்340 போர்டைச் செருகினால் போர்ட் ஒரு விநாடி தோன்றிவிட்டு மறைந்துவிடக்கூடும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, அந்த அடையாள எண்ணைப் பார்த்து இது பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. கர்னல் செய்திகளில் அதன் பெயர் அப்படியே தெரியும். உங்களிடம் பிரெய்ல் திரை இல்லையென்றால் அந்தப் பொதியை நீக்கிவிடலாம்.

இரண்டாம் படி: தெரிகிறது, ஆனால் திறக்க முடியவில்லை

'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. லினக்ஸில் என்றால் உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் குழுவில் இல்லை (ஆர்ச்சில் அந்தக் குழுவின் பெயர் யுயுசிபி). சேர்த்துவிட்டு வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும், வெறுமனே டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. விண்டோஸில் அதே செய்தி வந்தால் வேறொரு நிரல் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். பின்னால் திறந்து கிடக்கும் சீரியல் மானிட்டர், பிளாட்டர், முந்தைய ஓட்டத்தில் சாகாமல் நின்ற பைத்தான், 3டி பிரிண்டர் மென்பொருள், இப்படி ஏதாவது ஒன்று.

லினக்ஸில் இன்னும் நுட்பமான சிக்கல். அங்கே சாதாரணமாக இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டைத் திறக்கலாம், பிழை எதுவும் வராது. ஆனால் வரும் பைட்களை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும், யார் முதலில் படிக்கிறார்களோ அவர்களுக்கு. நீங்கள் பார்ப்பது நடுநடுவே ஓட்டை விழுந்த வார்த்தைகள், உடனே வயரைச் சந்தேகிப்பீர்கள். நான் ஒரு வாரயிறுதி முழுக்க ஒரு சென்சார் போர்டில் இதைத் துரத்தியிருக்கிறேன். சாலிடரை இரண்டு தடவை உருக்கி ஊற்றிய பிறகுதான், வேறொரு சாளரத்தில் மினிகாம் என்ற டெர்மினல் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. எந்த நிரல் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் கட்டளைகள் இருக்கின்றன, அவற்றை முதலிலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மோடம்மேனேஜர் என்ற சேவையும் இதே வேலையைச் செய்யும்: போர்டைச் செருகிய சில விநாடிகளுக்கு, இது மோடமாக இருக்குமோ என்று ஏடி கட்டளைகளை அனுப்பிச் சோதிக்கும், உங்கள் போர்டுக்கு அது குப்பை.

விண்டோஸில் சொந்தமாகச் சி மொழியில் எழுதுபவர்களுக்கு ஒன்று: காம்9 வரை பெயரை அப்படியே கொடுத்தால் திறக்கும், காம்10-லிருந்து முன்னால் இரண்டு பின்சாய்வு, ஒரு புள்ளி, ஒரு பின்சாய்வு என்று சேர்த்தால்தான் திறக்கும். நேற்று வரை ஓடிய நிரல் போர்டை வேறு யூஎஸ்பி துளையில் மாட்டியதும் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாம் படி: லூப்பேக், எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை

போர்ட் திறக்கிறது, ஒன்றும் வரவில்லை. இங்கேதான் பாதையை நடுவில் வெட்ட வேண்டும். தனி யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் என்றால் மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு, அடாப்டரின் டீஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டையும் ஒரு ஜம்பர் வயரால் இணையுங்கள். டெர்மினலில் லோக்கல் எக்கோ (தட்டியதைத் தானே திரையில் காட்டுவது), ஃப்ளோ கன்ட்ரோல் (எதிர்ப்பக்கம் தயாராகும் வரை அனுப்பாமல் நிற்பது) இரண்டையும் அணைத்துவிட்டு எதையாவது தட்டுங்கள். தட்டியது அப்படியே திரையில் வந்தால் கணினி, டிரைவர், கேபிள், சிப் எல்லாமே சரி என்று நிரூபணமாகிவிட்டது, இனி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம். வயரை எடுத்துவிட்டு மறுபடி தட்டுங்கள், இப்போது வரக்கூடாது. வந்தால் அது லோக்கல் எக்கோ, உங்கள் சோதனை செல்லாது.

அர்டுயினோ ஊனோ போல சிப் போர்டிலேயே இருந்தால், ரீசெட் பின்னை கிரவுண்டோடு இணைத்துவிடுங்கள். மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட்டிலேயே கிடக்கும், அதன் பின்கள் விலகி நிற்கும். இப்போது பின் 0-ஐயும் பின் 1-ஐயும் ஒரு வயரால் இணைத்தால் அதே லூப்பேக்.

ஃப்ளோ கன்ட்ரோலை அணைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மினிகாமில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் வழக்கமாகவே இயக்கத்தில் இருக்கும். 'அனுப்பலாம்' என்று சொல்லும் சிடிஎஸ் வயர் எங்கேயும் இணைக்கப்படாத அடாப்டரில், எதிர்ப்பக்கம் தயார் என்று சொல்வதற்காக அது காத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் தட்டுவது எதுவும் வெளியே போகாது. வருவது மட்டும் ஒழுங்காக வரும். 'படிக்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

லூப்பேக் சோதனை பாட் ரேட் தவறைக் காட்டாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சிப் அனுப்பி அதே சிப் வாங்குவதால் எந்த வேகம் வைத்தாலும் ஒத்துப்போகும்.

நான்காம் படி: மூன்று வயர், இரண்டு வோல்டேஜ்

லூப்பேக் தேறிவிட்டது என்றால் அடுத்தது வயர். ஒரு பக்கத்து டீஎக்ஸ் மறுபக்கத்து ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். எல்லாருக்கும் தெரியும், இருந்தும் எல்லாரும் தவறும் இடம், ஏனென்றால் சில மாடியூல்களில் 'இங்கே உங்கள் டீஎக்ஸை மாட்டுங்கள்' என்ற பொருளில் டீஎக்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். அச்சை நம்பாமல் மல்டிமீட்டரை எடுங்கள். சும்மா இருக்கும் யூஆர்ட் லைன் எப்போதும் உயர்நிலையில் இருக்கும், அதாவது கிரவுண்டுக்கும் டீஎக்ஸ் பின்னுக்கும் நடுவே 3.3 அல்லது 5 வோல்ட் காட்ட வேண்டும். ஆர்எக்ஸ் பின்னிலும் புல்-அப் (பின்னை உயர்நிலைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) இருந்தால் அதேபோலக் காட்டும், அப்போது அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்துப் பாருங்கள். டீஎக்ஸ் அசையாமல் நிற்கும், ஆர்எக்ஸ் பொதுவாகக் கீழே விழுந்துவிடும். இந்தச் சின்னச் சோதனை பெயர் எழுதாத பின்கள் இருக்கும் பழைய போர்டுகளில்கூட வேலை செய்யும்.

டீஎக்ஸ் பின் நிரல் ஓடும்போது பூஜ்யத்திலேயே கிடந்தால் அந்த யூஆர்ட் இயங்கவே இல்லை. தவறான யூஆர்ட்டைத் தொடங்கியிருப்பீர்கள், அல்லது பின்னை அந்த வேலைக்கு மாற்றியிருக்க மாட்டீர்கள். நியூக்ளியோ எஃப்446ஆர்இ போன்ற போர்டுகளில் யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு வருவது யூசார்ட்2, பிஏ2, பிஏ3 பின்கள். யூசார்ட்1-ல் எழுதிவிட்டு யூஎஸ்பியில் எதிர்பார்த்தால் எத்தனை நாள் காத்திருந்தாலும் வராது.

மூன்றாவது வயர் கிரவுண்ட். இரண்டு போர்டுக்கும் தனித்தனி பவர் இருந்தாலும் கிரவுண்ட் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டால் சில சமயம் வேலையும் செய்யும், கையை அருகில் கொண்டுபோனால் குப்பை வரும், லேப்டாப் சார்ஜரைச் செருகினால் சரியாகும், எடுத்தால் கெடும். இப்படி மாயம் போல நடந்துகொள்ளும் எந்தப் பிழைக்கும் கிரவுண்டை முதலில் பாருங்கள்.

வோல்டேஜ் விஷயத்தில் கவனம், இங்கே தவறினால் சிப்பே போய்விடும். 5 வோல்ட் டீஎக்ஸை, 3.3 வோல்ட்டில் ஓடும் இஎஸ்பி32-ன் ஆர்எக்ஸுக்கு நேராகக் கொடுக்காதீர்கள். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் இரண்டு ரெசிஸ்டரை வைத்துப் பிரித்தால் 5 வோல்ட் 3.3 ஆகிவிடும், சாதாரண வேகங்களுக்கு அது போதும். எதிர்த்திசையில், 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பி (ஊனோவின் சிப்) உயர்நிலை என்று ஏற்க சப்ளை வோல்டேஜின் 0.6 பங்கு, அதாவது 3 வோல்ட் வேண்டும். அதனால் 3.3 வோல்ட் நேராகவே போகும், ஆனால் இடைவெளி 0.3 வோல்ட்தான், நீள வயரில் நம்ப முடியாது.

ஒன்பது பின் டி (D) வடிவக் கனெக்டர் இருக்கும் பழைய சீரியல் போர்ட் ஆர்எஸ்-232. அதில் 1 என்பது -3 முதல் -15 வோல்ட், 0 என்பது +3 முதல் +15 வோல்ட். அளவும் வேறு, தலைகீழும்கூட. நடுவில் மேக்ஸ்232 போன்ற சிப் இல்லாமல் மைக்ரோகன்ட்ரோலரோடு இணைக்கவே கூடாது.

இன்னொன்று, ஊனோவில் பின் 0, 1-ல் ப்ளூடூத் மாடியூல் போல எதையாவது மாட்டியிருந்தால் அதுவும் யூஎஸ்பி சிப்பும் ஒரே வயரில் மோதும். புரோகிராம் ஏறாது, ஏறினாலும் பேச்சு கலையும். கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

ஐந்தாம் படி: குப்பை வருகிறது. குப்பையைப் படிக்கலாம்

குப்பை வருவது நல்ல அறிகுறி என்றுதான் நான் சொல்வேன். பைட் வந்து சேர்கிறது, அதன் வடிவம்தான் தவறு. இந்த இடத்தில் பலர் பாட் ரேட் பட்டியலை மேலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். சில சமயம் பலிக்கும், ஆனால் குப்பையே காரணத்தைச் சொல்லிவிடும்போது அந்த அலைச்சல் எதற்கு?

பாட் ரேட் என்பது ஒரு பிட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான். 9600-ல் ஒரு பிட் 104 மைக்ரோ விநாடி, 115200-ல் 8.7. வாங்கும் பக்கம், பைட்டின் தொடக்கத்தைக் காட்டும் ஸ்டார்ட் பிட் கீழே விழும் நொடியைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து தன் கடிகாரத்தை நம்பி ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் பார்த்துக் குறிக்கிறது. முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட்டை அடையும்போது ஒன்பதரை பிட் தூரம் போயிருக்கும், அதற்குள் அரை பிட் பிசகிவிட்டால் எல்லாம் தவறு. ஆக இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே 5 சதவீதம்தான் இடம். ஒவ்வொரு பக்கமும் 2 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

இப்போது மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து ஆங்கிலப் பெரிய எழுத்து 'யூ'வைத் தொடர்ந்து அனுப்புங்கள். அதன் மதிப்பு பதினாறடிமானத்தில் 55, பிட்களாக 0-வும் 1-ம் மாறி மாறி வரும், ஸ்டார்ட், ஸ்டாப் பிட்களும் சேர்ந்துகொண்டால் இடைவெளி இல்லாத சதுர அலை. 9600-ல் அது சரியாக 4800 ஹெர்ட்ஸ். மல்டிமீட்டரில் அதிர்வெண் அளக்கும் வசதி இருந்தால் வரும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள், உண்மையான பாட் ரேட் அதுதான். அந்த வசதி இல்லாவிட்டாலும் டிசி வோல்ட்டில் பாதி மதிப்பு, அதாவது 5-க்கு 2.5, 3.3-க்கு 1.65 காட்டினால் ஏதோ போய்க்கொண்டிருக்கிறது என்றாவது உறுதியாகும்.

நீங்கள் 9600 என்று எழுதியிருக்க, அளந்தால் 1200 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மடங்கு குறைவு. புது ஏடிமெகா328பி சிப்பில் கடிகாரத்தை எட்டால் வகுக்கும் ஃப்யூஸ் (சிப்புக்குள்ளே பதியும் அமைப்பு) இயக்கத்திலேயே வரும், 8 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்து எழுதிய நிரல் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. எஸ்டிஎம்32 சிப்களில் இதேபோல, போர்டில் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்க நிரலில் 8 என்று குறித்திருந்தால் எல்லா வேகமும் அந்த விகிதத்தில் ஓடிவிடும். பாட் ரேட்டை விரும்பியபடி மாற்றிப் பார்ப்பதைவிட விகிதத்தைப் பார்ப்பது நல்லது, காரணம் அதில்தான் ஒளிந்திருக்கும்.

நேராக எண்ணைப் போட்டாலும் சில வேகங்கள் சில கடிகாரங்களுக்குப் பொருந்தாது. 16 மெகாஹெர்ட்ஸ் ஏவிஆரில் (ஏடிமெகா328பி சேர்ந்த சிப் வகை) 9600 கேட்டால் 9615 கிடைக்கும், பிரச்சினையில்லை. 115200 கேட்டால் இரட்டை வேக முறையில் 117647, அதாவது 2.1 சதவீதம் கூடுதல், சாதாரண முறையில் 111111, 3.5 சதவீதம் குறைவு. இது எல்லையில் நிற்கிறது: மேசையில் ஓடும், வெயிலில் வைத்த பெட்டியில் ஓடாது. அதே சிப்பில் 250000 என்று வைத்தால் பிழை சுழி. வேகம் கூடினால் பிழை கூடும் என்று பொதுவாக நினைப்போம், இங்கே அப்படியில்லை. உள்ளிருக்கும் ஆர்சி கடிகாரத்தில் ஓட்டினால் இன்னும் கவனம் வேண்டும், ஏடிமெகா328பி-யில் தொழிற்சாலை அளவீட்டின்படி அது 10 சதவீதம் வரை விலகலாம்.

வேகம் பெரிதாக மாறியிருந்தால் குப்பையின் அளவே சொல்லிவிடும். அனுப்பியதைவிட அதிக எழுத்துகள் வந்து, அதில் நிறையப் பைட் சுழியாக இருந்தால் கணினி பக்கம் வேகம் அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. அனுப்பியதைவிடக் குறைவாக வந்தால் கணினி மெதுவாக இருக்கிறது.

சில எழுத்து சரி, சில எழுத்து தவறு, ஆனால் எப்போதும் அதே எழுத்துகள்தான் தவறு என்றால் பேரிட்டியை (பிழை பார்க்கச் சேர்க்கும் பிட்டை) பாருங்கள். 0 முதல் 9 வரை அனுப்பும்போது 0, 3, 5, 6, 9 ஒழுங்காக வந்து 1, 2, 4, 7, 8 மட்டும் விநோதமாக வந்தால், எதிர்ப்பக்கம் ஏழு பிட், ஈவன் பேரிட்டி என்று அனுப்புகிறது, நீங்கள் எட்டு பிட், பேரிட்டி இல்லாமல் வாங்குகிறீர்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1 இருக்கும் எழுத்துகளில் எல்லாம் மேல் பிட் ஏறிக்கொள்கிறது. பழைய தராசுகள், தொழிற்சாலை மீட்டர்களோடு பேசும்போது இது அடிக்கடி வரும்.

தொடங்கிய உடனே ஒரு வரி மட்டும் குப்பை, அப்புறம் எல்லாம் சுத்தம் என்றால் அது பிழையே இல்லை. இஎஸ்பி8266, 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு தொடங்கும்போது பூட் செய்தியை 74880-ல் அனுப்பும். அந்த வேகத்தில் மானிட்டரைத் திறந்தால் படிக்கலாம்.

ஆறாம் படி: திறந்ததும் ரீசெட் ஆகும் போர்டுகள்

மானிட்டரில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, பைத்தானில் எழுதினால் முதல் கட்டளைக்குப் பதிலே வருவதில்லை. காரணம் டிடிஆர், அதாவது கணினி 'நான் தயார்' என்று சொல்லும் சிக்னல். ஊனோவில் டிடிஆர் சிக்னல் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ரீசெட்டுக்குப் போகிறது. போர்ட்டைத் திறந்த நொடியில் போர்டு ரீசெட் ஆகி, பூட்லோடர் ஒரு விநாடி போலப் புது புரோகிராமுக்காகக் காத்திருக்கும், அதற்குள் நீங்கள் அனுப்பிய கட்டளையை பூட்லோடர் விழுங்கிவிடும். திறந்த பிறகு 2 விநாடி காத்திருங்கள். அதைவிட நல்ல வழி, போர்டு தயாரானதும் 'ரெடி' என்று ஒரு வரி அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்த பிறகே கணினி பேசத் தொடங்குவது.

லியோனார்டோ, பைக்கோ போல யூஎஸ்பி மைக்ரோகன்ட்ரோலரிலேயே இருக்கும் போர்டுகளில் கதை வேறு. அவற்றில் யூஎஸ்பி வழிப் பேச்சுக்குப் பாட் ரேட் எண் பொருளற்றது, ஆனால் டிடிஆர் ஏறாவிட்டால் பல லைப்ரரிகள் கணினி கேட்கவில்லை என்று நினைத்து எதையும் அனுப்பாது. உங்கள் நிரலில் டிடிஆரை இயக்கிப் பாருங்கள். சீரியல் தயாராகும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வரியைப் புரோகிராமின் தொடக்கத்தில் வைத்திருந்தால், கணினி இல்லாமல் பேட்டரியில் ஓடும்போது போர்டு அங்கேயே நின்றுவிடும் என்பதும் இதே வகைதான்.

ஏழாம் படி: ஒரு திசை ஓடுகிறது, மறுதிசை இல்லை

மைக்ரோகன்ட்ரோலரில் உள்ளதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, வந்த பைட்டை அப்படியே திருப்பி அனுப்பும் நாலு வரி நிரலை ஏற்றுங்கள். பைட் வந்தால் போர்டின் எல்இடி நிலை மாறட்டும். எல்இடி மாறுகிறது, திரையில் வரவில்லை என்றால் திரும்பும் வழியில் சிக்கல். எல்இடியே மாறவில்லை என்றால் போகும் வழியில். இந்த எக்கோ நிரல் ஒழுங்காக ஓடிவிட்டால் வன்பொருள் முழுவதும் விடுதலை, மிச்சம் உங்கள் உண்மையான நிரலில்தான்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது வரி முடிவு. நீங்கள் 'ஆன்' என்று அனுப்புகிறீர்கள், நிரல் 10 என்ற மதிப்புள்ள வரி முடிவு எழுத்துக்காகக் காத்திருக்கிறது, மானிட்டரோ எதையும் சேர்க்காமல் அனுப்புகிறது. அல்லது 13, 10 இரண்டையும் சேர்த்து அனுப்புகிறது, நிரல் 10-ஐ மட்டும் வெட்டிவிட்டு 13-ஐ ஒட்டிக்கொண்டு ஒப்பிடுகிறது, கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இரண்டு சொல் சமமில்லை என்கிறது. சந்தேகம் வந்தால் வந்த ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள்.

லினக்ஸில் சி மொழியில் நேராகப் போர்ட்டைத் திறப்பவர்கள் கட்டாயம் ரா முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கர்னல் அதை ஒரு மனிதர் தட்டும் டெர்மினலாகவே நடத்தும்: முழு வரி வரும்வரை உங்களுக்குக் கொடுக்காது, 13-ஐ 10 ஆக்கும், வந்ததைப் போர்டுக்கே எக்கோ செய்யும், 17, 19 மதிப்புள்ள பைட்களை ஃப்ளோ கன்ட்ரோல் என்று எடுத்துக்கொள்ளும். எழுத்துகளை அனுப்பினால் எல்லாம் சரி, பைனரி அனுப்பினால் குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டும் காணாமல் போகின்றன என்றால் இதைத் தவிர வேறொன்றைத் தேடவே வேண்டாம்.

எட்டாம் படி: சில சமயம் மட்டும் தொலைகிறது

இதுதான் கடினமானது, பொறுமை வேண்டும். ஊனோவில் வாங்கும் பஃபர் 64 பைட். 115200-ல் ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட், ஆக விநாடிக்கு 11520 பைட், அந்த பஃபர் ஐந்தரை மில்லி விநாடியில் நிரம்பிவிடும். நிரலில் எங்காவது அரை விநாடி டிலே இருந்தால் பஃபர் நிரம்பிய பிறகு வந்தது அனைத்தும் போச்சு. டிலேயை எடுத்துவிட்டு நேரத்தைப் பார்த்து நடக்கும்படி மாற்றுங்கள், அல்லது கணினியைத் துண்டு துண்டாக அனுப்பச் சொல்லி ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வாங்குங்கள்.

இன்டரப்டை (பைட் வந்ததும் சிப்பைக் கூப்பிடும் ஏற்பாட்டை) அணைக்கும் லைப்ரரிகளும் இதையே செய்யும். வண்ண எல்இடி பட்டைகளில் ஒரு எல்இடிக்கு 30 மைக்ரோ விநாடி, 100 எல்இடிக்கு 3 மில்லி விநாடி, ஏவிஆரில் அவ்வளவு நேரமும் இன்டரப்ட் கிடையாது. அதற்குள் 115200-ல் முப்பதுக்கு மேல் பைட் வந்து போயிருக்கும், வன்பொருள் இரண்டு மூன்றைத்தான் பிடித்து வைக்கும். எஸ்டிஎம்32-ன் ஹால் லைப்ரரியில் ஓவர்ரன் பிழை (முந்தையதைப் படிக்கும் முன்பே அடுத்த பைட் வருவது) ஒருமுறை வந்துவிட்டால் இன்டரப்ட் வழி வாங்குவதே நின்றுவிடும், எரர் கால்பேக்கில் மறுபடி தொடங்கிவிட வேண்டும். 'சில மணி நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது' என்பதற்கு அங்கே இதுதான் வழக்கமான காரணம்.

பேச்சின் நடுவே பூட் செய்தி வந்தால் போர்டு ரீசெட் ஆகிறது, அது சீரியல் பிரச்சினை அல்ல, பவர் பிரச்சினை. மோட்டாரும் ரிலேயும் அதே சப்ளையில் இருக்கிறதா என்று பாருங்கள். போர்ட்டே மறைந்து வேறு எண்ணில் வந்தால் யூஎஸ்பி அறுபட்டிருக்கிறது: தளர்ந்த கனெக்டர், ஹப், அல்லது மோட்டாரின் இரைச்சல்.

பதில் வருகிறது ஆனால் ஒவ்வொன்றும் 16 மில்லி விநாடி தாமதம் என்றால் அது எஃப்டிடிஐ சிப்பின் லேட்டன்சி டைமர். சின்னச் சின்னத் துண்டுகளை உடனே அனுப்பாமல் சேர்த்து வைக்கும், வழக்கமான மதிப்பு 16. டிரைவர் அமைப்பில் 1 ஆக்கினால் போதும்.

கடைசியாக, எவ்வளவு செய்தாலும் நீண்ட ஓட்டத்தில் ஒரு பைட்டாவது கெடும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். தொடக்கக் குறி, நீளம், வரிசை எண், டேட்டா, சிஆர்சி (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) என்று ஒரு சட்டம் (ஃப்ரேம்) கட்டுங்கள். வரிசை எண்ணை விட்டுவிடாதீர்கள், அதுதான் துப்பு. இரவு முழுக்க ஓடவிட்டு, சிஆர்சி தவறியவை எத்தனை, எண் தாண்டியவை எத்தனை என்று தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். சிஆர்சி மட்டும் தவறி நீளம் சரியாக இருந்தால் பிட் புரள்கிறது, வயர், கிரவுண்ட், கடிகாரம் பக்கம் போங்கள். சட்டம் சட்டமாகக் காணோம், அல்லது நடுவில் பைட் குறைகிறது என்றால் பஃபர் வழிகிறது, நிரல் பக்கம் போங்கள். தவறுகள் சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் அந்த நேரத்தில் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.